மொழிக்கு இடும் பெயர்ச்சீட்டு

காலையில் வகுப்பினுட் சென்று வரவு இடாப்பைத் திறந்து பெயர்களை வாசிப்பது ஆசிரியர்தம் முதற் கடமை. வகுப்பிலே சிவகுமார் என்னும் பெயருடையான் ஒருவனேயாயின், ‘சிவகுமார்’ என்று அழைத்த மாத்திரத்தில் உரியவன் எழுந்து நிற்பான். அப்பெயருடையார் இருவராயின், தந்தையார் பெயரின் முதலெழுத்தைச் சேர்த்து ‘க. சிவகுமார்’, ‘ந. சிவகுமார்’ என்று அழைக்கின்றோம். அவ்வெழுத்தும் ஒன்றாகவே அமைந்துவிடின் ஊரின் பெயரையும் கூட்டுகின்றோம். வேண்டிய இடத்துப் பெயரை நீட்டுதலும், வேண்டாத இடத்துச் சுருங்க நிறுத்துதலும் இடாப்பு எழுதினோர் அனைவரும் அறிந்த முறையாகும். பெயர் பிழைத்தால் விளைவது யாது என்பதையும் அவர்கள் அறிவர். வந்திருந்த மாணவன் வராதவனாகப் பதியப்படுவான்.

கணினியின் மென்பொருள்களைப் பற்பல மொழியினரும் தத்தம் மொழியிலே பயன்படுத்தும் இக்காலத்தில், மொழிகளுக்கும் இத்தகைய இடாப்பு ஒன்று உண்டு. ஒரு மென்பொருளின் இணையத்தளத்திலே தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தும், அதற்கு இட்ட பெயர்ச்சீட்டுப் பிழைத்தமையால் அஃது இல்லாததாகவே ஆகிவிடுதல் கூடும். நம் பழைய மாணவர் சங்கத்தின் பவளவிழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என அன்பர்கள் பணித்தபோது, தமிழாசிரியனாகிய நான் இலக்கியப் பொருளை விடுத்து இப்பொருளைத் தேர்ந்தமைக்குக் காரணம், என் கையாலேயே அத்தகைய பிழையொன்று நேர்ந்தமையாகும்.

நம் கல்லூரிக் கணினிக் கழகத்து மாணவர் சிலர், எவரும் விலையின்றிப் பெற்றுப் பயன்படுத்தத்தக்க மென்பொருளொன்றின் கையேட்டைத் தமிழாக்க முனைந்தனர். சொற்களைச் சரிபார்த்துத் தருமாறு என்னை அழைத்தனர். பல மாதங்கள் மாலை வேளைகளிற் கூடியிருந்து உழைத்தோம். ஆங்கிலப் பக்கத்தைப் படியெடுப்போம். ஆங்கில வாக்கியங்களை நீக்குவோம். அவ்விடத்திலே தமிழ் வாக்கியங்களை அமைப்போம். சந்திப் பிழை, ஒருமை பன்மைப் பிழை யாவும் களைந்து, இனி ஒரு குறையும் இல்லை என்னும் மனநிறைவோடு பக்கங்களை வெளியிட்டோம்.

மூன்றாம் நாள் இரவு நம் பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவர் கண்பார்வை இல்லாதவர். இங்கு பயின்ற காலத்தில் நண்பர்கள் பாடத்தை வாசித்துக் காட்டச் செவியாற் கேட்டே தேறியவர். இப்போது திரையிலுள்ள எழுத்தைக் குரலாக மாற்றித் தரும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளின் துணைகொண்டு தாமே படிப்பவர். “சேர், பக்கம் திறக்கின்றது. ஆனால், என் கணினி வாய் திறக்கவில்லை. இடையிடையே வரும் எண்களை மட்டும் ஆங்கிலத்திற் சொல்லுகின்றது” என்றார்.

மறுநாள் மாணவர்களோடு ஆராய்ந்தபோது காரணம் வெளிப்பட்டது. இணையப் பக்கம் ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும், வாசகர் கண்ணுக்குப் புலனாகாத வரியொன்றில், ‘இப்பக்கம் இன்ன மொழியினது’ என்று குறிக்கப்பட்டிருக்கும். நாங்கள் ஆங்கிலப் பக்கத்தைப் படியெடுத்தபோது அந்த வரியையும் அவ்வாறே விட்டுவிட்டோம். பக்கம் முழுவதும் தமிழாயிருக்க, அதன் நெற்றியிலே ‘ஆங்கிலம்’ என்னும் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதனை நம்பிய திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலை எழுப்பிற்று. அக்குரலுக்குத் தமிழெழுத்துத் தெரியாது. ஆதலின் தாண்டிச் சென்றது. கண்ணுடைய எங்களுக்குத் தமிழாகத் தெரிந்த பக்கம், அதனைப் படிக்க ஆவலோடு முதலில் வந்த வாசகருக்கு வெறுமையாயிற்று.

இந்நிகழ்ச்சி எனக்கு உணர்த்திய முதற் பாடம், மொழிபெயர்ப்பின் பெயர்ச்சீட்டுக்கு வாசகர் இருவர் உளர் என்பதாகும். ஒருவர் மனிதர்; மற்றையது இயந்திரம். மனிதருக்கு வேண்டுவது கண்ணாற் கண்டு அறியத்தக்க பெயர். இயந்திரத்துக்கு வேண்டுவது ஐயத்துக்கு இடமற்ற குறி. இரண்டையும் தனித்தனியே நோக்குவோம்.

மனிதருக்குரிய பெயரில் தலையாய விதி, ஒவ்வொரு மொழியையும் அம்மொழியாலேயே, அதற்குரிய எழுத்தாலேயே எழுதுக என்பது. தமிழுக்கு ‘தமிழ்’ என்றும், சிங்களத்துக்குச் சிங்கள எழுத்தில் அதன் பெயரையும், யப்பானிய மொழிக்கு யப்பானிய எழுத்தில் அதன் பெயரையும் இடல்வேண்டும். தமிழ்ப் பக்கத்தைத் தேடி வருபவர் பெரும்பாலும் தாம் அப்போது நிற்கும் பக்கத்தின் மொழியை அறியாதவர். அவர் முன்னே தமிழின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிவைத்தால், ஆங்கிலம் அறியாதார்க்கென அமைத்த வாயிலை ஆங்கிலத்தாலேயே பூட்டியவர்களாவோம். நீண்டதொரு மொழிப்பட்டியலில் ‘தமிழ்’ என்னும் மூன்றெழுத்தைக் காணும் ஒரு மூதாட்டிக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை.

இவ்விதியை நெடுங்காலம் பேணிவரும் தளமொன்றை எடுத்துக்காட்டாகக் கூறலாம். 1993ஆம் ஆண்டில் இயன் மேர்டொக் என்பவர் தொடங்கி, உலகெங்குமுள்ள தொண்டர்கள் வளர்த்துவரும் டெபியன் என்னும் இயங்குதளத்தின் இணையத்தளமே அது. அதன் பக்கங்களின் அடியில், அப்பக்கம் வேறு எம்மொழிகளிற் கிடைக்கும் என்னும் பட்டியல் காணப்படும். மொழிகள் தத்தம் பெயராலே அங்கு நிற்கின்றன. உருசியம், யப்பானியம் போன்ற மொழிகளின் பெயருக்கு அருகே இலத்தீன் எழுத்தில் ஒலிபெயர்ப்பும் தரப்பட்டிருக்கும். அப்பட்டியல் தளம் முழுமைக்கும் பொதுவாக எழுதப்பட்டதன்று என்பதைக் கவனித்தல் வேண்டும். அந்தப் பக்கம் எம்மொழிகளில் உண்மையாகவே உள்ளதோ அம்மொழிகளை மட்டுமே அது காட்டும்.

பெயருக்குப் பதிலாக நாட்டுக் கொடிகளை வரைந்துவைப்பார் பலர். பார்வைக்கு அழகாயிருப்பினும் இது பிழையான வழக்காகும். கொடி நாட்டுக்குரியது, மொழி மக்களுக்குரியது. சுவிற்சர்லாந்தின் தேசிய மொழிகள் நான்கு, கொடி ஒன்று. ஸ்பானிய மொழியை மெக்சிக்கோ, ஆர்ஜென்ரீனா, பெரு முதலிய பல நாடுகள் வழங்குகின்றன. அவற்றின் கொடிகள் பல. தமிழோ இலங்கையிலும் சிங்கப்பூரிலும் ஆட்சிமொழியாகவும், இந்தியாவிலே தமிழ்நாட்டின் ஆட்சிமொழியாகவும் விளங்குவது, மலேசியாவிலும் வழங்குவது. இவற்றுள் எந்நாட்டுக் கொடியைத் தமிழுக்கு இடினும் ஏனையோர் புறத்தே நிறுத்தப்படுவர். இனி, இலங்கைக் கொடியைக் கண்ட ஒருவர் அது தமிழைக் குறித்ததோ சிங்களத்தைக் குறித்ததோ என்று எங்ஙனம் துணிவார்?

இயந்திரத்துக்குரிய குறியிலும் நாட்டையும் மொழியையும் மயங்கவைத்தல் பெருங்குழப்பத்துக்கு ஏதுவாகும். மொழிகளுக்கென இரண்டு ஆங்கில எழுத்துக்களாலான குறிகளைச் சர்வதேச நியம நிறுவனம் 1988ஆம் ஆண்டில் வெளியிட்டது. அம்முறையில் இன்று ஏறக்குறைய 180 மொழிகளுக்குக் குறி உண்டு. தமிழுக்குரியது ‘ரீ–ஏ’. சிங்களத்துக்குரியது ‘எஸ்–ஐ’. நாடுகளுக்கும் இரண்டெழுத்துக் குறிகள் உள்ளன. ஆனால் அஃது வேறு பட்டியல். இலங்கைக்கு ‘எல்–கே’, ‘எஸ்–ஐ’ என்பதோ ஐரோப்பாவிலுள்ள சுலோவீனியா நாட்டின் குறி. அந்நாட்டு மொழியாகிய சுலோவீனியத்தின் குறி ‘எஸ்–எல்’. நாட்டுப் பட்டியலில் அது மேற்காபிரிக்காவிலுள்ள சியரா லியோனைக் குறிக்கும். ஆகவே, மொழிக்குறியை நாட்டுக்குறியென மயங்கிக் கொடியைப் பொருத்தும் நிரலொன்று, சிங்களத்துக்குச் சுலோவீனியாவின் கொடியையும், சுலோவீனியத்துக்குச் சியரா லியோனின் கொடியையும் ஏற்றிவைக்கும். யப்பானிய மொழியின் குறி ‘ஜே–ஏ’, நாட்டின் குறி ‘ஜே–பீ’. சுவீடிய மொழியின் குறி ‘எஸ்–வீ’, நாட்டின் குறி ‘எஸ்–ஈ’. ‘எல்–கே’ என்று எழுதித் தமிழைக் குறிக்க எண்ணுவோர், 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்துக்குப்பின் சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகளாகவுள்ள நாட்டில் எதனைக் குறித்தாராவர்?

இருநூறுக்கும் உட்பட்ட மொழிகளோடு உலகம் முடிந்துவிடுவதில்லை. ஆதலின் மூன்றெழுத்துக் குறிகள் 1998ஆம் ஆண்டில் வெளிவந்தன. 2007ஆம் ஆண்டில் அப்பட்டியல் விரிவாக்கப்பெற்று 7,000க்கு மேற்பட்ட மொழிகளுக்கு இடமளித்தது. இக்குறிகளை இணையத்தில் எவ்வாறு தொடுத்து எழுதுதல் வேண்டும் என்னும் விதியை இணையப் பொறியியற் பணிக்குழு 1995ஆம் ஆண்டில் வகுத்தது. பலகால் திருத்தப்பெற்று 2009ஆம் ஆண்டில் வெளியான அதன் வடிவமே இன்று கைக்கொள்ளப்படுகின்றது.

அவ்விதியின் அமைப்பு நம் வரவு இடாப்பின் அமைப்பை ஒத்தது. முதலில் மொழியின் குறி நிற்கும். அது சிறுவனின் பெயர் போன்றது. வேண்டுமாயின் அதன்பின் எழுத்துமுறையின் குறி வரும். அதன்பின்னும் வேண்டுமாயின் நாட்டின் அல்லது பிரதேசத்தின் குறி வரும். இவற்றைச் சிறு கோட்டால் இணைத்து எழுதுவர். மொழி, எழுத்து, நாடு என்னும் இவ்வரிசை மாறலாகாது.

மொழி வேறு, எழுத்து வேறு என்பதை நம் கல்லூரியினருக்கு விளக்க நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. நம் பூசைப் பாடங்களிற் பல சமக்கிருத மொழியில் அமைந்தவை. அவற்றைக் கிரந்த எழுத்தில் அச்சிட்ட நூல்களும் உள. தேவநாகரியில் அச்சிட்டனவும் உள. தமிழெழுத்தில் அச்சிட்டனவும் உள. மூன்றும் ஒரே மொழி, எழுத்தே வேறு. தமிழெழுத்தில் உள்ளமை பற்றி அதனைத் தமிழ் என்று குறித்தல் பிழையாகும். மறுதலையாக, முஸ்லிம் அறிஞர்கள் அரபு எழுத்தில் எழுதிவந்த அறபுத்தமிழ், மொழியால் தமிழே. இன்றைய இளைஞர் கைத்தொலைபேசியில் இலத்தீன் எழுத்திலே அடித்து அனுப்பும் தமிழும் தமிழே. இவற்றையெல்லாம் மொழிக்குறியோடு எழுத்துக்குறியையும் சேர்த்துத் தெளிவாகச் சுட்டலாம்.

சேர்பிய மொழி சிரிலிக் எழுத்திலும் இலத்தீன் எழுத்திலும் வழங்குவது. அதனை வாசிப்போருக்கு எவ்வெழுத்து என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். சீனத்துக்கோ எளிமையாக்கிய எழுத்து, மரபெழுத்து என இருவகை உண்டு. முன்னாளில் முதலாவதற்குச் சீன நாட்டின் குறியையும் இரண்டாவதற்குத் தாய்வானின் குறியையும் இட்டு வேறுபடுத்தினர். சிங்கப்பூரிலும் எளிமையாக்கிய எழுத்தே வழங்குகின்றது. கொங்கொங்கிலும் மரபெழுத்து வழங்குகின்றது. எழுத்தின் வேற்றுமையை நாட்டின் பெயரால் உணர்த்த முயன்றமையால் விளைந்த இடர்ப்பாடு இது. எழுத்துக்கே தனிக்குறி இடும் வழக்கம் வந்தபின் அவ்விடர் நீங்கியது. சீனருக்கும் யப்பானியருக்கும் பொதுவான பல எழுத்துக்களுக்கு ஒருங்குறியில் ஒரே எண்ணே உள்ளது. அவற்றை எந்நாட்டார் வழக்கப்படி வரைந்து காட்டுவது என்பதை உலாவி மொழிக்குறியை நோக்கியே துணிகின்றது.

இனி, நம் தமிழுக்கு நாட்டின் குறியும் வேண்டுமோ என்னும் வினா எழும். யாம் ‘யூலை’ என்பதைத் தமிழ்நாட்டார் ‘ஜூலை’ என்பர். நம் பாடசாலைகளில் இரசாயனவியல், பௌதிகவியல் எனப்படுபவை அங்கு வேதியியல், இயற்பியல் எனப்படும். மென்பொருளொன்றுக்கு இவ்விரு வழக்குக்கும் ஏற்ப இரண்டு மொழிபெயர்ப்புக்கள் இருப்பின், ‘தமிழ் (இலங்கை)’, ‘தமிழ் (இந்தியா)’ என்று பிரித்துச் சீட்டிடுதல் முறையே. போர்த்துக்கேய மொழியைப் போர்த்துக்கல், பிரேசில் என்று பிரித்து வழங்குதல் இவ்வகையினது.

இருப்பது ஒரே மொழிபெயர்ப்பாயின், ‘தமிழ்’ என்பதே போதும். குறியை வேண்டிய அளவுக்கு மேல் நீட்டலாகாது என்பதை மேற்கூறிய விதியும் வற்புறுத்துகின்றது. இது வெறும் சிக்கனம் அன்று. ஒருவர் தம் உலாவியில் ‘இலங்கைத் தமிழ்’ என்பதை முதல் விருப்பாகவும் ஆங்கிலத்தை அடுத்த விருப்பாகவும் குறித்துவைக்கின்றார் எனக் கொள்வோம். ‘தமிழ்’ என்று மட்டும் குறிக்கப்பட்ட பக்கத்தைச் சில சேவையகங்கள் அவர் கேட்ட மொழியென உணரமாட்டாமல், ஆங்கிலப் பக்கத்தை அனுப்பிவிடும். டெபியன் தளம் இவ்வாபத்தைத் தன் வாசகருக்கு எடுத்துரைத்து, தக்க காரணம் இன்றி நாட்டின் குறியைச் சேர்க்கவேண்டாம் என்று அறிவுறுத்துகின்றது. வகுப்பில் ஒரே சிவகுமார் இருக்கையில் முதலெழுத்தையும் ஊரையும் கூட்டி அழைத்தால், ‘அது வேறொருவனாக்கும்’ என்று அவன் வாளாவிருந்துவிடுதல் போன்றதே இது.

ஒருமுறை இட்ட குறியை மாற்றுதலும் எளிதன்று. இந்தோனேசிய மொழிக்கு முன்பு ‘ஐ–என்’ என்பது குறி. 1989ஆம் ஆண்டில் அது ‘ஐ–டீ’ என மாற்றப்பட்டது. ஆயினும் ஜாவா என்னும் நிரலாக்க மொழி, பழைய நிரல்கள் பழுதுறும் என அஞ்சிப் பழைய குறியையே தன்னுள் வைத்திருந்தது. 2021ஆம் ஆண்டில் வெளியான 17ஆம் பதிப்பிலேதான் புதிய குறிக்கு மாறிற்று. தொடக்கத்தில் ஆராய்ந்து இடுதலே அறிவுடைமை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

பெயரும் குறியும் இலக்கணப்படி அமைந்தபின்னரும், சீட்டு உண்மை பேசுகின்றதா என்னும் வினா எஞ்சிநிற்கும். ‘தமிழ்’ என்று கண்டு உட்சென்றவர் முதற் பத்தி மட்டும் தமிழாகவும் எஞ்சியவை ஆங்கிலமாகவும் இருக்கக் கண்டால், அடுத்த முறை அச்சீட்டை நம்புவாரோ? நிறைவுறாத மொழிபெயர்ப்பை நிறைவுறாதது என்றும், இயந்திரம் பெயர்த்து மனிதர் பார்வையிடாததை அவ்வாறே என்றும் சொல்லிவிடுதல் நேர்மை. மூலம் திருத்தப்பட்டு மொழிபெயர்ப்புப் பழையதாகவே கிடப்பதும் உண்டு. டெபியன் மொழிபெயர்ப்பாளர், தாம் மூலத்தின் எந்தப் பதிப்பைப் பார்த்துப் பெயர்த்தனர் என்பதைக் கோப்பிலேயே பதிந்துவைப்பர். மூலம் மாறிய பின்னும் மொழிபெயர்ப்பு மாறாதிருப்பின், மூலம் இதனிலும் புதியது என்னும் அறிவித்தல் பக்கத்தில் தோன்றும். வாசகரை ஏமாற்றாத இவ்வொழுக்கம் நாம் பின்பற்றத்தக்கது.

நம் நாட்டிலே மற்றொரு வகைப் பொய்ச்சீட்டும் நெடுங்காலம் வழங்கியது. பாமினி என்னும் எழுத்துருவில் வினாத்தாள் அடித்த ஆசிரியர் பலர் இம்மலரை வாசிப்பர். அவ்வெழுத்துருவில் நாம் ‘தமிழ்’ என்று காண்பது, கணினியின் உள்ளே ஜே, கே, பீ, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியுமே. எழுத்துரு அவற்றின்மேற் போர்த்த போர்வையே தமிழாகத் தோன்றுகின்றது. அத்தகைய கோப்புக்கு ‘தமிழ்’ என்று குறியிட்டாலும் திரைவாசிப்பான் அதனைத் தமிழாக வாசிக்க இயலாது. தேடுபொறியும் தமிழ்ச் சொல்லாகக் கண்டெடுக்க இயலாது. பாமினியிலுள்ள பழைய கோப்புக்களை ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே அவற்றுக்குத் தமிழ்ச் சீட்டு உரியதாகும். எங்கள் கையேட்டில் நேர்ந்தது இதன் மறுபக்கம். உள்ளே உண்மைத் தமிழ் இருந்தது. மேலே பொய்ச்சீட்டு இருந்தது.

அப்பிழையைத் திருத்தப் பக்கமொன்றுக்கு ஒரு நிமிடமும் செல்லவில்லை. தலைப்பகுதியில் இருந்த ‘ஈ–என்’ என்னும் குறியை நீக்கி ‘ரீ–ஏ’ என்று மாணவர்கள் மாற்றினர். இடையில் ஆங்கிலமாகவே விடப்பட்ட கட்டளைச் சொற்களுக்கு ஆங்கிலம் எனத் தனிக்குறி இட்டனர். மொழிப்பட்டியலில் ஆங்கிலத்தில் இருந்த பெயரை ‘தமிழ்’ என்று எழுதினர். பக்கத்தில் இருந்த கொடியை எடுத்துவிட்டனர். அன்று மாலை அந்தப் பழைய மாணவருக்கு அறிவித்தோம். இரண்டு நாள் கழித்து அவர் மீண்டும் அழைத்தார். கையேட்டை முழுவதும் கேட்டுவிட்டதாகவும், ஓரிடத்தில் ஒரே வாக்கியம் இருமுறை வந்திருப்பதாகவும் சொன்னார். பல கண்கள் பார்த்துப் பார்த்துத் தவறவிட்ட பிழையை அவர் செவி கண்டுபிடித்துவிட்டது. அன்றுமுதல் நாங்கள் தமிழாக்கும் பக்கங்களை வெளியிடுமுன் கேட்டுச் சொல்பவர் அவரே.

பெயர்ச்சொல்லின் இயல்பைக் கூறுவதற்கெனத் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்திலே பெயரியல் என ஓர் இயல் அமைந்துள்ளது. பெயரிடுதலைச் சிறு செயலென்று கருதாத மரபில் வந்தவர்கள் நாம். மொழிபெயர்ப்பில் ஈடுபடும் மாணவர்களுக்கு நான் கூறிக்கொள்வது இதுவே: உழைத்துப் பெயர்த்தபின், அதனைத் தேடி வருபவர் கண்ணாற் காண ‘தமிழ்’ என்று எழுதுங்கள், இயந்திரம் அறியத் தமிழின் குறியை இடுங்கள், வேண்டாத அடைகளைச் சேர்க்காதீர்கள், உள்ளே இருப்பதையே சீட்டிற் சொல்லுங்கள். இடாப்பிலே பெயர் செம்மையாயிருப்பின், அழைத்தபோது தமிழ் ‘உள்ளேன்’ என்று எழுந்து நிற்கும்.

வாழ்க நம் கல்லூரி அன்னை! வளர்க பழைய மாணவர் சங்கம்!